குத்தகையா, வாரமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அக்கா மகளைக் கட்டியிருக்கிற மாப்பிள்ளை நெய்வேலி மந்தாரக்குப்பம் டீக்கடைக்கு நான்கு தாள்களோடு வந்தார். டிப்ளமா சிவில் படித்தவர். முப்பது நாற்பது ஆட்களை வைத்துக்கொண்டு, பெரிய ஒப்பந்தக்காரர்களுக்குக் கீழே அஸ்திவாரம், பெடஸ்டல், கேபிள் டிரெஞ்ச் என்று வேலை எடுத்துச் செய்கிறார். தாள்களைப் பெஞ்சில் வைத்து, பறக்காமலிருக்க டீ கிளாஸை மேலே வைத்தார். முதல் தாளில் கொட்டை எழுத்தில் ‘பார்ட்னரிங் சாசனம்’ என்றிருந்தது. கீழே நம்பிக்கை, வெளிப்படை, ஒரே அணி என்று வரிசையாக நல்ல வார்த்தைகள்.

“மூணு பில்லு நிக்குது மாமா. கேட்டா ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’னு சொல்லி இதை நீட்டுறாங்க. என்னா இது? கூட்டுறவு சொசைட்டியா? நம்ம இண்ட்கோசர்வ் மாதிரியா?”

அந்தச் சந்தேகம் நெய்வேலிக்காரருக்கு வருவது நியாயம்தான். நீலகிரியில் இண்ட்கோசர்வ் என்றால் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவு. இங்கே அதே பெயர், என்.எல்.சி. என்ற பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் ஒப்பந்தத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு. இரண்டிலும் ஆட்கள் உறுப்பினராகச் சேர்கிறார்கள். மாப்பிள்ளை கையிலிருந்த காகிதத்தின் தலைப்பு சொல்லும் முறையில் யாரும் எதிலும் உறுப்பினராவதில்லை. வேலை கொடுப்பவர், எடுப்பவர், அவருக்குக் கீழே எடுப்பவர் எல்லாரும் அவரவர் கம்பெனியாகவே இருப்பார்கள். அந்த ஒரு வேலைக்கு மட்டும் லாபத்தையும் நஷ்டத்தையும் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்று கை கொடுத்துக்கொள்வது. அதற்குத்தான் பார்ட்னரிங் என்று பெயர்.

தமிழில் பங்கு உள்ளவன் பங்காளி. ஆனால் பங்காளி என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவு வருவது வரப்புத் தகராறு. இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். சிரித்தார். அவருக்கே விருத்தாசலம் பக்கம் பங்காளியோடு ஒரு கிணற்று வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

“சரி, இங்கிலீஷ் வார்த்தையை விட்டுருங்க. உங்க அப்பா நிலத்தை எப்படி விட்டிருந்தார்?” என்று கேட்டேன்.

கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கும் கொஞ்சத்தை வாரத்துக்கும் விட்டிருந்தாராம். வீட்டோரக் காணியை மட்டும் கூலி ஆள் வைத்துச் சொந்தமாகப் பார்த்தாராம். கட்டுமான ஒப்பந்தத்தின் வகைகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். கூலிக்கு ஆள் வைத்தால் மழை பொய்த்தாலும் பூச்சி அடித்தாலும் நஷ்டம் நிலக்காரருக்கு, கூலி கூலிதான். ஆன செலவைக் கொடுத்து மேலே ஒரு சதவீதம் சேர்த்துக் கொடுக்கும் ஒப்பந்தம் இந்த ரகம். குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை மூட்டை அளந்துவிட வேண்டும். நஷ்டம் முழுக்கக் குத்தகைக்காரர் தலையில். டெண்டரில் ஒரே தொகையோ, அளவுக்கு இத்தனை என்ற விலையோ பேசி எடுக்கும் வேலை இது. ஒப்பந்தக்காரரை அந்தக் காலத்தில் குத்தகைதாரர் என்றே அழைத்தார்கள், சும்மா இல்லை. மூன்றாவது வாரம். விளைந்ததை இரண்டு பேரும் பிரித்துக்கொள்வது. நல்ல வருஷம் இருவருக்கும் நல்ல வருஷம். மோசமான வருஷம் இருவருக்கும் மோசம்.

பார்ட்னரிங் என்பது வாரம். மற்றதெல்லாம் மேல்பூச்சு.

இதைப் புரிந்துகொள்ள நெய்வேலியைவிட நல்ல இடம் கிடையாது. காரணம் இந்த ஊரின் மண். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டப்போய்க் கரிய பொருள் வந்த கதை இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 1956 நவம்பர் 14இல் நிறுவனம் பதிவானது. 1957 மே 20இல் நேரு வந்து முதல் சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நடுவில் நான்கு வருஷத்துக்கு மேல் வெறும் மேல்மண்ணைத் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். பிரிட்டனின் பவல் டஃப்ரின் திட்ட அறிக்கை தந்தது. தோண்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. முதல் அனல்மின் நிலையத்தை சோவியத் யூனியன் கட்டிக் கொடுத்தது. அதன் முதல் அலகு 1962இல் ஓடத் தொடங்கி, பிறகு 600 மெகாவாட் வரை வளர்ந்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். பெர்லினில் சுவர் எழும்பிய அதே 1961 ஆகஸ்டில், இங்கே ஜெர்மன்காரர் இயந்திரம் தோண்டிக் கொடுக்கும் கரியை எரிப்பதற்கு ரஷ்யக்காரர் கொதிகலன் கட்டிக்கொண்டிருந்தார்.

மண் அவர்கள் யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. கரிக்கு மேலே கிடந்தது கடலூர் மணற்பாறை. பார்க்கச் செம்மண் போலத் தெரியும். கடித்தால் பல் போகும். சக்கரத்தின் வாளிப் பற்கள் தேய்ந்து மொட்டையாகின. முதலில் வெடி வைத்துப் பாறையை நொறுக்கி, பிறகு சக்கரத்தை ஓட்ட வேண்டியிருந்தது. பற்களுக்கு உலோகம் மாற்றிப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பாறைக்கு ஏற்றது அமைந்தது. கரிக்குக் கீழே இன்னொரு தொல்லை: மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும் ஊற்றுநீர். மேலே இருக்கும் மண் பாரத்தை எடுத்துவிட்டால் அடியிலிருந்து நீர் கரியைப் பிளந்துகொண்டு வந்து சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தபடியேதான் கரி எடுக்க முடியும். இன்றைக்கும் அந்த மோட்டார்கள் நின்றபாடில்லை.

இப்படிப்பட்ட மண்ணில், ‘இத்தனை கன மீட்டர் தோண்ட இத்தனை ரூபாய், அவ்வளவுதான்’ என்று குத்தகை பேசினால் என்ன ஆகும்? பாறை வந்தால் ஒப்பந்தக்காரர் செத்தார். அப்படி நடக்காமலிருக்க முன்கூட்டியே பாறைக்கும் சேர்த்து விலை போட்டு வைப்பார். பாறை வராவிட்டால் நிலக்காரர், அதாவது வேலை கொடுப்பவர், வராத பாறைக்குக் காசு கொடுத்தவராவார். உலகம் முழுக்கப் புழங்கும் ஃபிடிக் (FIDIC) மாதிரி ஒப்பந்தப் புத்தகத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு: 1999 சிவப்புப் புத்தகத்தில் 4.12. அனுபவமுள்ள ஒப்பந்தக்காரரும் எதிர்பார்த்திருக்க முடியாத நிலத்தடி நிலைமை வந்தால் கூடுதல் காலமும் செலவும் கேட்கலாம் என்கிறது. நம் அரசு டெண்டர்கள் பலவற்றில் வழக்கமாக இருப்பது வேறு வரி: ஒப்பந்தக்காரர் இடத்தை நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டதாகவே கருதப்படும். நூறு அடிக்குக் கீழே இருப்பதை எந்தக் கண்ணால் பார்ப்பது என்று அதை எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

மாப்பிள்ளை இரண்டாவது டீ சொன்னார். எனக்குச் சர்க்கரை இல்லாமல்.

மண் மட்டும் பிரச்சினை என்றால் பரவாயில்லை. இரண்டு ஒப்பந்தக்காரர் வேலை சந்திக்கிற இடம் மண்ணைவிட மோசம். நான் எம்-புக்கும் (அளவுப் புத்தகம்) கையுமாக இருந்த காலத்தில், ஒரு மின்நிலைய வேலை. ஊரும் பேரும் வேண்டாம். காங்கிரீட் போட்டவர் ஒருவர், அதன் மேல் இரும்புத் தூண் நிறுத்துகிறவர் இன்னொருவர். இருவருக்கும் தனித்தனி ஒப்பந்தம். பெடஸ்டலில் நான்கு அஸ்திவார போல்ட்டுகளை ஒரு டெம்ப்ளேட்டில் மாட்டி நிறுத்தி, சுற்றிலும் காங்கிரீட் போட வேண்டும். போடும்போது வைப்ரேட்டர் ஊசி டெம்ப்ளேட்டில் இடித்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. காங்கிரீட் இறுகிய பிறகு ஒரு போல்ட் மட்டும் 15 மில்லிமீட்டர் தள்ளி நின்றது, ஒரு விரல் அகலம். தூண் வந்து, கிரேனில் தூக்கி, மேலிருந்து இறக்கும்போதுதான் தெரிந்தது. மூன்று போல்ட் ஓட்டைக்குள் போயின. நாலாவது, தட்டின் இரும்பில் முட்டிக்கொண்டு நின்றது. தூண் ஆகாயத்தில், கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி.

அங்கே நின்றிருந்த வயதான ஃபிட்டருக்கு வழி தெரியும். தட்டிலுள்ள ஓட்டையைக் கேஸ் கட்டரால் நீளமாக்கு, மேலே கனமான ஒரு பிளேட் வாஷர் வைத்து வெல்டிங் அடி, வடிவமைப்பாளரிடம் ஒரு வரி சம்மதம் வாங்கு. அரை நாள் வேலை. ஆனால் அந்தக் கட்டரை எடுப்பது யார்? எடுக்கிறவன் தப்பை ஒப்புக்கொண்டவன் ஆகிவிடுவான். தூண்காரர் எடுத்தால், ‘சரிசெய்வது உன் பொறுப்பு என்றுதானே செய்தாய்’ என்பார்கள். காங்கிரீட்காரர் எடுத்தால், கிரேன் சும்மா நின்ற வாடகையும் அவர் தலையில் விழும். ஆகவே தூணை இறக்கித் தரையில் கிடத்திவிட்டு எல்லாரும் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். ‘உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்’, ‘வன்மையாக மறுக்கிறோம்’, ‘எங்கள் உரிமைக்குப் பாதகமின்றி’. ஒன்றரை மாதம். கடைசியில் அதே ஃபிட்டர் அதே ஓட்டையை அதே விதமாக நீளமாக்கினார். காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது.

அதில் யாரும் கெட்டவர் இல்லை. குத்தகையில் ஒவ்வொருவரும் தன் மூட்டையைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். எல்லாச் செலவும் பொதுக் கலயத்திலிருந்து போகிறது, கடைசியில் மிஞ்சுவதில் வேலை கொடுத்தவரையும் சேர்த்து மூவருக்கும் பங்கு என்று இருந்திருந்தால், கிரேன் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூன்று பேர் பையிலிருந்தும் போகும். கட்டருக்காக மூவரும் ஓடியிருப்பார்கள்.

“அப்படி எங்கயாவது நடந்திருக்கா மாமா, இல்ல கதையா?” என்றார்.

நடந்திருக்கிறது. 1980களின் இறுதியில் அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை, வழக்குகளால் சலித்துப்போய், ஒப்பந்தக்காரர்களோடு வேலை தொடங்குமுன்பே உட்கார்ந்து பேசும் முறையைக் கொண்டுவந்தது. தகராறு வந்தால் முதலில் களத்தில் இருப்பவரே தீர்க்க வேண்டும், முடியாவிட்டால் மேலே ஒரு படி, அங்கேயும் முடியாவிட்டால் அடுத்த படி. அந்த ஏணி அன்று வழக்கமானது. 1990களில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் வட கடலில் ஆண்ட்ரூ என்ற எண்ணெய் வயலுக்குத் தளம் கட்ட நினைத்தது. வழக்கமான முறையில் போட்ட கணக்கில் லாபம் நிற்கவில்லை. ஏழு ஒப்பந்தக்காரர்களைக் கூட்டி உட்கார வைத்து ஒரு இலக்குச் செலவை எல்லாருமாகப் பேசி முடித்தார்கள்: 37.3 கோடி பவுண்டு. அதற்குக் கீழே முடித்தால் மிச்சத்தில் எல்லாருக்கும் பங்கு. மேலே போனால் எல்லாருக்கும் அடி. 29 கோடியில் முடிந்தது. 1996இல், குறித்த காலத்துக்கு ஆறு மாதம் முன்பே எண்ணெய் வந்தது.

இது எப்படிச் சாத்தியம் என்று மாப்பிள்ளைக்குப் புரிய ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டினேன், தாளின் பின்பக்கத்தில். நிஜமான வேலை எதுவும் இல்லை, எண் புரிவதற்காக. இலக்கு 10 கோடி, பங்கு பாதிக்குப் பாதி. 9 கோடியில் முடிந்தால் மிச்சம் 1 கோடி. 50 லட்சம் ஒப்பந்தக்காரருக்கு, 50 லட்சம் நிலக்காரருக்கு. 11 கோடி ஆனால் நிலக்காரர் 10.5 கோடி கொடுப்பார், 50 லட்சம் ஒப்பந்தக்காரர் கையிலிருந்து. இப்போது யோசியுங்கள். உங்களுக்கு ஒரு யோசனை தோன்றுகிறது: இந்த டிரெஞ்சை இவ்வளவு ஆழம் தோண்ட வேண்டாம், கேபிளை இப்படித் திருப்பினால் 200 கன மீட்டர் காங்கிரீட் மிச்சம். இன்றைய ஒப்பந்தத்தில் வாயைத் திறப்பீர்களா?

“திறந்தா அளவு குறையும். அளவு குறைஞ்சா பில்லு குறையும். எனக்கென்ன வந்துது?”

அதேதான். அளவுக்குக் காசு என்ற முறையில், சிக்கனமான யோசனை சொல்கிறவன் தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறான். வாரத்தில் அதே யோசனைக்கு அவனுக்குப் பாதிப் பங்கு. ஆண்ட்ரூ வயலில் ஏழு கம்பெனியும் வாயைத் திறந்தன.

பிரிட்டனில் 1994இல் மைக்கேல் லேதம் தந்த அரசு அறிக்கையும், 1998இல் ஜான் ஈகன் தந்ததும் கட்டுமானத் தொழிலை இந்தப் பக்கம் தள்ளின. ஈகன் முன்பு ஜாகுவார் கார் கம்பெனியை நடத்தியவர். பிறகு ஹீத்ரோ விமான நிலையத்தை வைத்திருந்த பி.ஏ.ஏ.வின் தலைமைச் செயல் அதிகாரி. அந்த பி.ஏ.ஏ. ஹீத்ரோ ஐந்தாம் முனையத்தைக் கட்டியபோது ஒரு துணிச்சலான காரியம் செய்தது. மண், வெள்ளம், வடிவமைப்புக் கோளாறு என எல்லா அபாயத்தையும் தானே ஏற்றுக்கொண்டு, எல்லாருக்கும் சேர்த்து ஒரே காப்பீடு எடுத்தது. யாரும் யாரையும் குற்றம் சாட்டி ஒரு பைசா தேறாது என்று ஆனபோது கடிதம் எழுத ஆள் இல்லை. 430 கோடி பவுண்டு வேலை, சொன்ன தேதியில், 2008 மார்ச் 27 அன்று திறந்தது. திறந்த அன்றே பெட்டிகள் பெல்ட்டில் சிக்கி, விமானங்கள் ரத்தாகி, ஊர் சிரித்தது வேறு கதை. கட்டியவர்கள் காட்டிய ஒற்றுமையை அதை இயக்க வந்தவர்களிடம் எதிர்பார்த்தது தப்பு.

அதே ஊரில், கிட்டத்தட்ட அதே காலத்தில், குத்தகை முறையில் எழுந்தது வெம்ப்லி மைதானம். கட்டிய மல்டிபிளெக்ஸ் கம்பெனிக்கும் இரும்பு வேலை எடுத்த கிளீவ்லாண்ட் பிரிட்ஜுக்கும் முறிந்து, வழக்கு வருஷக்கணக்கில் போனது. அந்த வழக்கில் ஜெராக்ஸ் எடுத்த செலவு மட்டும் 10 லட்சம் பவுண்டு. நீதிபதியே தீர்ப்பில் அதைச் சொல்லி அலுத்துக்கொண்டார். மாப்பிள்ளை இதை நம்பவில்லை. ஜெராக்ஸுக்கா, ஜெராக்ஸுக்கா என்று இரண்டு தரம் கேட்டார்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கூட்டு என்ற ஒரே சொல்லில் நாம் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் போட்டு உருட்டுகிறோம். என்.எல்.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் 89க்கு 11 என்று பங்கு போட்டு என்.டி.பி.எல். என்ற புதுக் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடியில் 1000 மெகாவாட் நிலையம் கட்டின. உத்தரப் பிரதேசத்தின் காடம்பூரில் அந்த மாநில மின் நிறுவனத்தோடு 51க்கு 49. அவை கூட்டு நிறுவனங்கள். கல்யாணம் மாதிரி, தனிக் குடித்தனம், தனி வரவு செலவு. சென்னை மெட்ரோ முதல் கட்டத்தில் சுரங்கம் தோண்ட வந்தவர்கள் வேறு ரகம்: ஆஃப்கான்ஸோடு ரஷ்யாவின் டிரான்ஸ்டன்னல்ஸ்ட்ராய், எல் அண்ட் டி.யோடு ஷாங்காய்க் கம்பெனி, காமனோடு மாஸ்கோவின் மாஸ்மெட்ரோஸ்ட்ராய். டெண்டர் எடுப்பதற்கும் திறமையைச் சேர்ப்பதற்குமான கூட்டு அது. வேலை கொடுப்பவர் எதிர்ப்பக்கம் தனியாகத்தான் நிற்பார். காமன் கூட்டின் வேலை நடுவழியில் நின்று, மிச்சத்தைப் பிரித்து மறுபடி டெண்டர் விட்டு வேறு கைகளால் முடிக்க வேண்டியிருந்தது. பார்ட்னரிங்கில் வேலை கொடுப்பவரே மேஜையின் இந்தப் பக்கம் வந்து உட்காருகிறார். வித்தியாசம் முழுக்க அங்கேதான்.

நம் ஊரில் அவர் இந்தப் பக்கம் வரத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இளக்காரமாகச் சொல்ல முடியாத காரணம். பொதுத்துறை அதிகாரி மிச்சத்தில் 50 லட்சத்தை ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்துக் கையெழுத்திட்டால், அஞ்சு வருஷம் கழித்துத் தணிக்கை வந்து கேட்கும்: ‘இலக்கையே 50 லட்சம் கூட்டி வைத்துவிட்டு அப்புறம் மிச்சம் என்று காட்டினாயா?’ விஜிலன்ஸ் கேட்கும். அவர் அப்போது ஓய்வு பெற்று, பென்ஷனுக்கு அலைந்துகொண்டிருப்பார். இதைவிட, குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற எல்-1 பாதுகாப்பானது. எண்ணைக் காட்டித் தப்பிக்கலாம். குறைந்த விலைக்காரர் நஷ்ட விலையில் எடுத்துவிட்டு, ‘கூடுதல் அயிட்டம்’ என்று கடிதம் எழுதியே பிழைப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அதுதான் பாதுகாப்பு.

கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை வெளியிட்ட பொது வழிகாட்டுதல்கள், சில வகை வேலைகளில் விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் போடலாம் என்றன. தரத்துக்கு உச்சம் 30 சதவீதம். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு வரி: வேலை நடக்கும்போதே போடும் ரன்னிங் பில்லைக் கொடுத்த 10 வேலை நாளுக்குள் தகுதியான தொகையில் 75 சதவீதமாவது கொடுத்துவிட வேண்டும், மிச்சத்தைச் சரிபார்த்து 28 வேலை நாளுக்குள். 2024 ஜூனில் அதே அமைச்சகம், பெரிய ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்பு முறையை வழக்கமாக எழுத வேண்டாம், 10 கோடிக்குக் கீழான தகராறுகளோடு நிறுத்துங்கள், சமரசத்தைப் பாருங்கள் என்றது. சமரசத்துக்கு முன்னால் பில்லைக் கொடுத்தாலே பாதித் தகராறு பிறக்காது என்பது என் அனுபவம். ஆனால் அந்த 10 நாள் விதி அரசுக்கும் பெரிய ஒப்பந்தக்காரருக்கும் நடுவில். பெரியவருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் என்ன விதி?

“அவருக்கு வந்தா எனக்கு வரும்” என்றார் மாப்பிள்ளை. “அப்படித்தான் எழுதியிருக்கு, மூணாம் பக்கத்துல.”

தாள்களை வாங்கி மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். உண்மைதான். முதல் பக்கத்தில் ஒரே அணி. இரண்டாம் பக்கத்தில் பாதுகாப்பு, தரம், மாதம் ஒரு கூட்டம். மூன்றாம் பக்கத்தில், வேலை கொடுப்பவரிடமிருந்து பணம் வந்த பின்பே கீழ் ஒப்பந்தக்காரருக்குப் பட்டுவாடா. நாலாம் பக்கத்தில் கையெழுத்து இடம், சாட்சி. மிச்சம் என்ற சொல் எங்கேயும் இல்லை. பங்கு என்ற சொல்லும் இல்லை.

என்.எல்.சி. பிறந்த அதே 1956இல் சென்னை மாநிலத்தில் நியாய வாரச் சட்டம் வந்தது. சாகுபடி செய்பவர் நிலக்காரருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டு நிர்ணயிக்க வேண்டியிருந்தது. நன்செயில் 40 சதவீதம் என்று அப்போது சொன்னார்கள், பிறகு 25 ஆனது. ‘நாமெல்லாம் ஒரே ஊர்’ என்று சொல்லியே அதற்கு முன் பாதிக்கு மேல் அளந்து போனவர்கள் இருந்தார்கள். வாரம் நிற்க வேண்டுமென்றால் களத்துமேட்டில், மரக்கால் போட்டு நெல் அளக்கும்போது, இரண்டு பேரும் நிற்க வேண்டும். அளந்து மூட்டை கட்டி ஏற்றிய பிறகு சொல்லும் கணக்கில் வாரம் கிடையாது. வெளிநாட்டில் திறந்த புத்தகக் கணக்கு என்கிறார்கள். கம்பி எந்த விலைக்கு வந்தது, சிமென்ட் எத்தனை மூட்டை வந்தது, மேலாண்மைச் செலவு எவ்வளவு என்று ஒருவர் புத்தகத்தை ஒருவர் பார்க்கலாம். பார்ட்னரிங்கில் எல்லாரையும்விட அதிகம் முகம் சுளிக்க வைப்பது இதுதான். பெரியவர் தன் புத்தகத்தைக் காட்ட மாட்டார். சின்னவருக்குப் பல சமயம் புத்தகமே இருக்காது; மாப்பிள்ளையின் கணக்கு இன்றைக்கும் அவர் சட்டைப் பையில் நாலாக மடித்த ரசீதுகளாகத்தான் இருக்கிறது. அதையும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்காரரிடம் மசால்வடை கேட்டார்.

சாசனம் என்று தலைப்புப் போட்டதெல்லாம் மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. ராணுவப் பொறியாளர் படை தொடங்கியபோதும் அது வெறும் சாசனம்தான். ஒப்பந்த விலையை யாரும் தொடவில்லை. வேலை தொடங்குமுன் நேரில் உட்கார்ந்து, யாருக்கு என்ன பயம் என்று பேசிக்கொண்டதே பலன் கொடுத்தது. மாதம் ஒரு கூட்டம் என்ற இரண்டாம் பக்கம் நிஜமாக நடந்தால் என் போல்ட் கதை மாதிரி ஒன்றாவது தவிரும். ஆனால் வாரத்துக்குரிய பேச்சைக் குத்தகைக்குரிய தாளில் எழுதியிருக்கிறார்கள். நஷ்டம் வந்தால் குடும்பம், லாபம் வந்தால் கம்பெனி.

“அப்ப போட வேணாங்கிறீங்களா?”

போட வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நாற்பது பேருக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டியவர் அவர். போடுமுன் கேட்கச் சொன்னேன். அளவு எடுக்கிற அன்று எங்கள் ஆளும் நின்று அன்றைக்கே எம்-புக்கில் கையெழுத்துப் போடலாமா? மேலே பணம் வந்தாலும் வராவிட்டாலும் எத்தனை நாளில் எனக்கு எவ்வளவு? தோண்டும்போது பாறையோ ஊற்றோ வந்தால் அது யார் கணக்கு? சிறு தொழிலாகப் பதிவு செய்திருந்தால், அத்தொழில்களுக்கான 2006 சட்டம் சொல்லும் 45 நாள் கெடு அவர் பக்கம் நிற்கலாம் என்றும் சொன்னேன். பதிவு செய்திருக்கிறாராம். சான்றிதழ் பீரோவில் இருக்கிறதாம், இதுவரை யாரிடமும் காட்டியதில்லையாம்.

ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். காட்டினால் அடுத்த வேலை வராது என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஷிப்ட் விட்டு வரும் பைக்குகள் கடைமுன் நிற்கத் தொடங்கின. மாப்பிள்ளை டீ கிளாஸை எடுத்தார்; தாளில் வட்டமாகக் கறை. பேனா வாங்கி, மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், ‘வந்த பின்பே’ என்ற இடத்துக்கு நேராக ஒரு கேள்விக்குறியும் பக்கத்தில் ‘30 நாள்?’ என்றும் எழுதினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 30ஐ அடித்து 45 ஆக்கினார். மறுநாள் காலை சைட் ஆபீஸில் இதை வைத்துப் பேசப்போவதாகச் சொல்லிவிட்டு, தாள்களை மடித்து ரசீதுகளோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.